ஆமா மிஸ்

பேச்செல்லாம் நல்லாத்தான் பேசுவா மேடம். அந்தப் பேச்சுதான் வம்பே. இப்போ நீங்க கேட்டதைத்தான் எல்லாரும் கேக்குறாங்க, இவ்ளோ வாய் பேசுற பொண்ணுக்குக் கூடவே என்னை மாதிரி ஒரு ஆள் எதுக்குன்னு. ஸ்டாஃப் ரூம்ல அவளுக்கு வக்கீலம்மான்னே பேரு. ஹோம்வொர்க் ஏன் எழுதலைன்னு கேட்டா நின்ன இடத்துல நாலு காரணம் சொல்லுவா. கேக்குற டீச்சருக்கே, நாமதான் தப்பு பண்ணிட்டோமோன்னு சந்தேகம் வந்துரும். ஆனா டீச்சர் கேட்ட கேள்வில பாதி அவளுக்குள்ள போயிருக்காது. போகலைங்கிறது வெளிய தெரியவும் தெரியாது. கண்ணு தெரியலைன்னா கண்ணாடி போடுறோம், கால் முடியலைன்னா சக்கர நாற்காலி. இவளுக்கு இருக்கிற கஷ்டத்தைப் பார்த்தா திமிர் மாதிரியேல்ல இருக்கு.

ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க, உக்காருங்க. அந்தப் பந்துக் கூடையைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கோங்க. இது முன்ன விளையாட்டுச் சாமான் போட்டு வச்சிருந்த ரூம். பாதியைக் காலி பண்ணி எனக்குக் குடுத்தாங்க. மீதிப் பாதி இன்னும் பந்துங்களுக்குத்தான். ரப்பர் நாத்தம் போகவே மாட்டேங்குது. வீட்டுக்குப் போனா என் வீட்டுக்காரர், என்ன, இன்னிக்கும் மேட்ச் ஆடிட்டு வந்தியாம்பார். அவரும் அந்த ஜோக்கை விடுறதா இல்லை, நானும் சிரிக்கிறதா இல்லை.

டீ குடிக்கிறீங்களா, ஃப்ளாஸ்க்ல இருக்கு. ஆறிப்போயிருக்கும்... வேணாமா. சரி, தண்ணியாவது குடிங்க. வெயில்ல நடந்தே வந்திருக்கீங்க போல.

அவ இப்போ ட்ராயிங் க்ளாஸ்ல இருக்கா. கடைசி பெல்லுக்குக் கொஞ்சம் முன்னாடியே இங்க வந்துருவா. பெல் அடிச்சா எல்லாப் பசங்களும் திமுதிமுன்னு வருவாங்க இல்லையா, அந்தக் கூட்டமும் சத்தமும் அவளுக்கு ஆகாது. அதுவரைக்கும் எனக்கும் மூச்சு விட நேரம், நீங்க கேக்குறதைக் கேளுங்க. எந்த ஆபீஸ்னு சொன்னீங்க? ம்... குழந்தைங்க நலம். சரி சரி.

நோய்னு சொல்ல மாட்டேன் மேடம். நோய்னா மருந்துன்னு ஒண்ணு இருக்கணும்ல. டாக்டர் எழுதின பேரு ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம். பேரு பெருசா இருக்கேன்னு பயந்துக்காதீங்க, விஷயம் என்னன்னா, பிள்ளை வயித்துல இருக்கும்போது அம்மா குடிச்சா, அது பிள்ளைக்கும் போகும். அம்மாவுக்குப் போதை இறங்கிடும். அந்தப் பிள்ளைக்கு மூளை அப்போதான் உருவாகிக்கிட்டு இருக்கும். துணி நெய்யுறப்பவே அங்கங்க நூல் விட்டுப்போன மாதிரி. அப்புறம் எத்தனை தடவை துவைச்சாலும் இஸ்திரி போட்டாலும் விட்டது விட்டதுதான். 

இல்லைங்க, அவ அம்மாவை நான் திட்டலை. உங்க முகம் ஏன் அப்படிப் போகுது. எத்தனையோ பேருக்கு வயித்துல பிள்ளை இருக்கிறதே மாசக்கணக்குல தெரியறதில்லை. தெரிஞ்சப்புறமும் விட முடியாதவங்க இருக்காங்க. நினைச்சதும் விட முடிஞ்சா அது என்ன குடி. என்னைக் கேட்டா, அப்போ அந்தப் பொம்பளை பக்கத்துல யாராவது ஒருத்தர் உக்காந்திருக்கணும். யாரும் உக்காரலை போல. நமக்குத் தெரியாத வீடு, நாம என்னத்தைச் சொல்ல. ஆனா நடந்தது நடந்ததுதானே மேடம். அதைப் பூசி மெழுகிச் சொன்னா இந்தப் பொண்ணுக்கு என்ன பிரயோஜனம்.

என் வேலையா? வேலைன்னு பார்த்தா ஒண்ணும் இல்லை, பக்கத்துல இருக்கிறதுதான். புத்தகத்தை எடு, பக்கத்தைத் திருப்பு, மூணாவது கணக்கைப் போடுன்னு ஒரு டீச்சர் சொல்றாங்கன்னு வைங்க. நமக்கு அது ஒரே மூச்சுல ஏறிடும். இவ புத்தகத்தை எடுப்பா, அத்தோட நின்னுரும். அப்புறம் பக்கத்துல இருக்கிறவளைப் பார்ப்பா. அவ சிரிச்சா இவளும் சிரிப்பா. டீச்சர் திரும்பிப் பார்த்தா, இவ சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. மாட்டிக்கிட்டா. அதனால நான் ஒவ்வொண்ணா சொல்லுவேன். புத்தகத்தை எடு. எடுத்தாச்சா? இப்போ பக்கம். வருஷம் பூரா இப்படி. கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரின்னு சொல்லுவாங்கல்ல, இங்க கிளி நான்தான். 

நேத்து ஏழாம் வாய்ப்பாட்டைக் கடகடன்னு ஒப்பிச்சா. நான் போய் ஸ்டாஃப் ரூம்ல பீத்திக்கிட்டேன். இன்னிக்குக் காலைல கேட்டா, ஏழாம் வாய்ப்பாடா, அது எப்போ மிஸ் நடத்துனீங்கங்கிறா. நடிப்புன்னுதான் நினைக்கத் தோணும். எனக்கே முதல் வருஷம் அப்படித்தான் தோணுச்சு. நடிப்பு இல்லை. நேத்து இருந்தது இன்னிக்கு இல்லை, நாளன்னிக்குத் திடீர்னு திரும்பி வந்தாலும் வரும். பதினஞ்சு வயசு ஆச்சு, ஆளைப் பார்த்தா பத்து வயசுன்னுதான் சொல்லுவீங்க, அவ்ளோ சிறுசா இருப்பா. ஆனா ஸ்கூலுக்குப் பதினஞ்சுன்னா பதினஞ்சுதான். பத்தாங்க்ளாஸ் பொண்ணு மாதிரி நடந்துக்கோன்னா, எங்கருந்து நடந்துக்குவா.

கோவமா? வரும் வரும். க்ளாஸ்ல ட்யூப்லைட் ங்ஙொய்னு சத்தம் போடும் பாருங்க, நமக்குக் கேக்கவே கேக்காது, அவளுக்கு அது காதுக்குள்ள வண்டு போன மாதிரி. சட்டைக் காலர்ல தைச்சிருக்கிற சீட்டு கழுத்துல உரசினாலும் போச்சு. ஒரு நாள் அப்படித்தான் ஏதோ ஒண்ணு, நாற்காலியைத் தூக்கி வீசிட்டா. என் கை மேல பட்டு இந்த இடம் வீங்கிப்போச்சு. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு அவளே வந்து, கை ஏன் மிஸ் வீங்கியிருக்குங்கிறா. உக்காந்து ஊதிவிடுறா. அவதான் அடிச்சான்னு நான் சொல்லலை. சொல்லி என்ன ஆகப்போகுது.

சலிப்பு இல்லாம இருக்குமா மேடம். எனக்கும் அம்பது தாண்டிருச்சு, மாடி ஏறினா முட்டி கடகடங்குது. சில நாள் காலைல ஸ்கூல் கேட்டைப் பார்த்ததும் அப்படியே வந்த பஸ்லயே திரும்பிப் போயிடலாமான்னு இருக்கும். அவளை வளர்க்கிறது அவ பெரியம்மா. அந்தம்மாவைப் பார்த்தா எனக்கு என் சலிப்பைச் சொல்ல வாய் வராது. ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற இடத்துல வேலை. ப்ளீச்சிங் பவுடர்ல கை ரெண்டும் வெள்ளையா வெந்து கிடக்கும். கல்யாணம்னு ஒண்ணும் பண்ணிக்கலை. கைக்குழந்தையா இருந்தப்போ தூக்கிட்டு வந்தது, இன்னும் இறக்கி வைக்கலை. 

போன டெர்ம்ல நடந்ததைச் சொன்னா உங்களுக்கே விளங்கும். எனக்குக் காய்ச்சல், ஒரே ஒரு நாள் லீவு போட்டேன். அந்த ஒரு நாள்ல ஹால்ல இருந்த ப்ரொஜெக்டரைக் கீழ தள்ளி உடைச்சுட்டாங்க, இவ க்ளாஸ்ல மூணு பொண்ணுங்க. விளையாட்டா ஆரம்பிச்சு, சுக்குநூறாப் போச்சு. புதுசு வேற. யார் தலைல கட்டலாம்னு அதுங்களுக்குச் சொல்லித் தரணுமா? இவகிட்ட வந்து, நீதான் பண்ணேன்னு சொல்லிடு, நாங்க உன்னை எங்க க்ரூப்ல சேர்த்துக்கிறோம்னுச்சுங்க. இந்த ஸ்கூல்ல சாப்பாட்டு நேரத்துல அவ பக்கத்துல என்னைத் தவிர யாரும் உக்கார்றதில்லை மேடம். அவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

மறுநாள் நான் வர்றேன், ப்ரின்சிபல் ரூம்ல நிக்க வச்சிருக்காங்க. ப்ரின்சிபல் இருக்காங்க, கணக்கு சார் இருக்கார், அவர்தான் க்ளாஸ் டீச்சரும். பெரியம்மாவை வேலையிலருந்து வரவழைச்சு ஓரமா உக்கார வச்சிருக்காங்க. டிசியைக் குடுத்து அனுப்பிடுறதுன்னு முடிவே ஆயிடுச்சு. நீதான் உடைச்சியா? ஆமா மேடம். வேணும்னே பண்ணியா? ஆமா மேடம். தனியாவா? ஆமா மேடம். நான் குறுக்க புகுந்து, இவ அப்படிப் பண்ற பொண்ணு இல்லைங்கன்னா, நீங்கதான் நேத்து ஸ்கூலுக்கே வரலையே, உங்களுக்கு எப்படித் தெரியும்னுட்டாங்க. அதுவும் நியாயம்தானே.

கணக்கு சார் இருக்காரே, இவளைப் பத்தி அவர் சொல்லாத புகார் கிடையாது. கேட்டுக்கிட்டே இருந்தவர் சட்டுனு கொதிச்சுட்டார். என்னது இது, எதைக் கேட்டாலும் ஆமா ஆமான்னு, எங்களையெல்லாம் பார்த்தா எப்படித் தெரியுது உனக்கு? போன வாரம் மழை பெஞ்சு கிரவுண்டெல்லாம் குளமா நின்னுச்சே, அதுவும் நீதான் பண்ணியான்னு ஒரு கத்து. 

அவ அவரைப் பார்த்தா. ஆமா சார். சாரி சார். இனிமே பண்ண மாட்டேன் சார்ங்கிறா.

நக்கல் பண்றாளோன்னு அவர் அவ முகத்தையே பார்க்கிறார். நக்கல் பண்றவளுக்கு மூக்கு ஒழுகுமா மேடம்? புறங்கையால துடைச்சுக்கிட்டு நிக்கிறா. பெஞ்ச மழைக்கு மன்னிப்பு கேட்டுக்கிட்டு நிக்கிறா. பெரியம்மா முந்தானையை வாய்ல வச்சு அழுத்திக்கிட்டாங்க. 

சார் கண்ணாடியைக் கழட்டினார். சட்டையில துடைச்சார். போட்டார், மறுபடி கழட்டினார். அப்புறம் மெதுவா, அவர் குரல் அவ்ளோ மெதுவா வரும்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும், வாம்மா, ஹாலுக்குப் போலாம், நேத்து நீ எங்க நின்னேன்னு எனக்குக் காட்டுன்னார். சொல்லத் தெரியாதவளுக்குக் காட்டத் தெரிஞ்சுது. நேரா ஜன்னலோரம் போய் நின்னா. மூணு பை இருந்துச்சு சார், என்னைப் பிடிச்சுக்கச் சொன்னாங்கன்னு, ரெண்டு தோள்லயும் மாட்டி, ஒண்ணை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி நின்னு காட்டினா. அப்புறம் பை யாரோடதுன்னு கேட்டுக் கண்டுபிடிக்க எவ்ளோ நேரம் ஆகும். 

அந்த மூணு பேருக்கும் தண்டனை குடுத்தாங்க, வீட்டுலருந்து வந்து சண்டை போட்டாங்க, அதெல்லாம் ஒரு பக்கம். மறுநாள் கணக்கு சார் தனியா ஒரு பேப்பர் கொண்டு வந்தார். நடுவுல ஒரே ஒரு கணக்கு, கொட்டை எழுத்துல. அதை முடிச்சா அடுத்த பேப்பர். யாரும் அவர்கிட்ட அப்படிப் பண்ணச் சொல்லலை. இன்னும் கத்துறார்தான். ஆனா இப்போல்லாம் மத்தவங்க மேலதான்.

ஆனா இந்தப் பொண்ணு அன்னிக்குச் சாயங்காலம் என்கிட்ட என்ன கேட்டா தெரியுமா? மிஸ், அவங்க க்ரூப்ல என்னை எப்போ சேர்த்துப்பாங்கன்னா. நான் அவ ஷூ லேஸைக் கட்டுற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

அதுலருந்து அவளை விட்டு நகர்றதே இல்லை. பாத்ரூம் போனா நான் வாசல்ல. ட்ராயிங் க்ளாஸ் மட்டும் விட்டுடுவேன். அங்க அவளுக்கு யாரும் தேவையில்லை. படம் ஒண்ணும் பெருசா வரையமாட்டா. ஆனா எல்லாரும் போட்டுட்டுப் போன பிரஷ்ஷையெல்லாம் எடுத்து ஒவ்வொண்ணா கழுவி, முடியைக் கோதி, அளவு பார்த்து அடுக்கி வைப்பா பாருங்க, அவ்ளோ பொறுமை. ட்ராயிங் டீச்சர் சொல்றாங்க, இவ வந்தப்புறம் பிரஷ் வாங்குற செலவே இல்லைன்னு. 

இதெல்லாம் கூட ஓட்டிடலாம் மேடம். என்னால தாங்க முடியாதது வேற ஒண்ணு. சொல்லவா?

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவ அம்மா வீட்டுக்குப் போன் பண்ணியிருக்காங்க. பெரியம்மா வேலைக்குப் போயிட்டாங்க, இவதான் எடுத்திருக்கா. அம்மா அழுதாங்களாம். நல்ல நிலைமையில இருந்தாங்களா என்னன்னு தெரியாது. ஒரு நாள் வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காங்க. 

நமக்கெல்லாம் ஒரு நாள்னா என்னன்னு தெரியும். அது பாட்டுக்கு வர்ற ஒரு வார்த்தை. இவளுக்கு அஞ்சு நிமிஷம்னா எவ்ளோன்னே பிடிபடாது, ஒரு நாள்னா? மறுநாள் பையைத் திறந்தா புத்தகம் ஒண்ணும் இல்லை. ரெண்டு செட் துணி, சீப்பு, பல் விளக்குற பிரஷ். ஸ்கூல் விட்டதும் கேட்டுல போய் நின்னுக்கிட்டா. பெரியம்மா வந்து கூப்பிட்டா போக மாட்டேங்கிறா, அம்மா வந்து தேடுவாங்கங்கிறா. இருட்டுற வரைக்கும் அந்தம்மாவும் கூடவே நின்னுட்டுக் கூட்டிட்டுப் போனாங்க. அடுத்த நாளும் அதே. அதுக்கடுத்த நாளும். மழைக்காலம் வந்து, அதுவும் முடிஞ்சுது. குடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. வாட்ச்மேன் அவர் ஸ்டூலைத் தூக்கி அவகிட்ட குடுத்துட்டு அவர் நின்னார். அப்புறம் ஒரு காலைல பையைத் திறந்து பார்க்கிறேன், புத்தகம் இருக்கு. யாரும் சொல்லலை, அவளே மாத்தி வச்சிருக்கா.

ஏழாம் வாய்ப்பாடு ராத்திரி தூங்கி எந்திரிச்சா போயிடுது. இது மட்டும் போகலை பாருங்க.

இந்தாங்க. டிஷ்யூ பேப்பர்தான் இருக்கு, துடைச்சுக்கோங்க. பரவாயில்லை.

கோவமா... அம்மா மேலயா? இல்லைங்க. கோவப்படலை, அழவும் இல்லை. என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. ஒரு நாள்னா எந்தக் கிழமை மிஸ்ன்னு கேட்டா.

உக்காருங்கம்மா. எங்க எந்திரிக்கிறீங்க. இவ்ளோ நேரம் உக்காந்திருந்தீங்க, இப்போ போயிட்டா எப்படி. பையைக் கீழ வைங்க. நீங்க ஆபீஸ்லருந்து வரலைன்னு எனக்குத் தெரியும்மா. காலைலயே உங்க அக்கா போன் பண்ணிட்டாங்க. இன்னிக்கு என் தங்கச்சி வருவா, பயந்தாங்கொள்ளி, தான் யாருன்னு சொல்ல மாட்டா, எதையாவது சொல்லிக்கிட்டு வந்து நிப்பான்னாங்க. குடியை விட்டு ஒண்ணரை வருஷம் ஆச்சுன்னும் சொன்னாங்க. நம்புறீங்களான்னு கேட்டேன். நம்பித்தான் பார்க்கிறேன், ஆனா அவ நிஜமாவே திருந்திட்டாளான்னு பார்க்க எனக்குக் கண்ணு போதலை, கூடப் பொறந்தவளாச்சே, நீங்க பேசிப் பாருங்க, பிள்ளையைக் காட்டலாம்னு தோணினா காட்டுங்க, இல்லைன்னா எதையாவது சொல்லி அனுப்பிடுங்கன்னாங்க. 

அதான் ஒண்ணையும் மறைக்காம உங்க முகத்துக்கு நேரா எல்லாத்தையும் சொன்னேன். சொல்லும்போது எனக்கு நல்லாவா இருந்துச்சுன்னு நினைக்கிறீங்க? ஒவ்வொண்ணுக்கும் எந்திரிச்சுப் போயிடுவீங்களோன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். நீங்க போகலை.

கேளுங்க, நேரம் இல்லை. அவ வந்ததும் பாய்ஞ்சு கட்டிப்பிடிச்சுறாதீங்க, தொட்டா அவளுக்குச் சில நேரம் ஆகாது. அவளா வந்து தொட்டா தொடட்டும். ஒரு நேரத்துல ஒரு விஷயம் மட்டும் பேசுங்க. மன்னிப்பு கேக்கணும்னுதானே வந்தீங்க? கேக்காதீங்க. நிஜமாத்தான் சொல்றேன், இன்னிக்கு வேணாம். நீங்க அழுதுகிட்டே தப்பு தப்புன்னு சொன்னா, உங்களைச் சமாதானப்படுத்த, தப்பெல்லாம் என்னோடதுதாம்மான்னு அவ ஒத்துக்குவா. அதை உங்களால தாங்க முடியாது. எப்போ மறுபடி வருவீங்கன்னு கேட்டா கிழமையைச் சொல்லுங்க. சொல்ல முடியாதுன்னா, தெரியலைன்னு சொல்லுங்க. அது போதும். 

தண்ணியைக் குடிங்க. முகத்தைத் துடைங்க. கண்ணு சிவந்துதான் இருக்கு, இருக்கட்டும், என்ன பண்றது.

அவதான். நடை தெரியும் எனக்கு.

வா வா, ஓடாதே. கையெல்லாம் ஈரம் பாரு, சட்டையில துடைக்காதே, துணி அங்க இருக்கு. துடைச்சாச்சா? பையைக் கீழ வை. ம். இப்போ உக்காரு.

யாரா? என்னை ஏன்டி கேக்குறே, அவங்களையே கேளு. நான் வாசல்லதான் நிக்கிறேன்.